பல்லு முளைக்கிற காய்ச்சலா, ஷண்ட் காய்ச்சலா?

கேள்வி: மகனுக்கு எட்டு மாதம். தலையில் நீர் சேர்ந்ததால் மூன்று மாதத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஷண்ட் (மூளையில் சேரும் நீரை வயிற்றுக்குள் வடிக்கும் குழாய்) வைத்தார்கள். இரண்டு நாளாகக் காய்ச்சலும் சத்தியும். பல்லு முளைக்கிறதால்தான் என்கிறா மாமி. காதுக்குப் பின்னால் இருக்கும், நீர் வடிவதைக் கட்டுப்படுத்தும் வால்வை அமத்திப் பார்க்கலாமா? பிள்ளை வளர வளரக் குழாய் கட்டையாகிப் போகாதா?
- ஒரு தாய், முத்தையன்கட்டு

பதில்: முதலில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். பல்லு முளைத்தால் பிள்ளை சிணுங்கும், வாய்நீர் வடியும். திரும்பத் திரும்பச் சத்தி வராது.

ஷண்ட்டில் கிருமி தொற்றினால் அது பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் தெரியவரும். சத்திரசிகிச்சையின்போது தோலில் இருக்கும் கிருமி குழாயில் ஒட்டிக்கொண்டு மெல்லப் பெருகுவதுதான் காரணம். உங்கள் மகன் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறான். சாதாரணக் காய்ச்சலாகவோ டெங்காகவோகூட இருக்கலாம், மாரியில் வன்னியில் அதற்குக் குறைவில்லை. இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் வால்வில் இருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன் வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோட்டிக் பாணியைக் கொடுத்துவிடாதீர்கள். கிருமி பரிசோதனையில் அகப்படாமல் போய்விடும். தொற்று உறுதியானால் பொதுவாகக் குழாயைக் கழற்றி, நீர் சுத்தமான பிறகு புதிதாக வைப்பார்கள்.

காய்ச்சலே இல்லாமலும் ஷண்ட் பழுதாகும். மூளைக்குள் இருக்கும் முனையில் சிறு துளைகள் உண்டு, அவை அடைபடுவதுதான் அடிக்கடி நடப்பது. பிள்ளை அழாமல் இருக்கும்போது நிமிர்த்தி வைத்து உச்சிக்குழியில் விரலை மெல்ல வையுங்கள். அழும்போது அது புடைப்பது வழமை. அமைதியாக இருக்கும்போதும் இறுகிப் புடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கலாம். கண்மணி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, எழுப்பியும் பால் தேடாமல் தூங்கி வழிவது, குழாய் போகும் வழியில் சிவப்பு அல்லது வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போகப் போதும். மாறாக உச்சிக்குழி நன்றாகக் குழிந்திருந்தால் நீர் அளவுக்கு மிஞ்சி வடிகிறதோ என்று பார்ப்போம். சத்தி எடுத்து உடம்பு வறண்டாலும் குழியும்.

வால்வை அமத்தாதீர்கள். டாக்டர்மார் நாங்கள் அமத்திப் பார்த்தாலே சிலவேளை ஏமாந்துபோகிறோம்.

பிள்ளை சோர்ந்திருந்தாலோ வலிப்பு வந்தாலோ யாழ்ப்பாண பஸ்ஸுக்காக ஏ9 வீதியில் நிற்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டு கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கிருந்து அவர்கள் மாற்றி அனுப்புவார்கள். கிளினிக் கொப்பியோடு பழைய ஸ்கான் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்கு ஷண்ட் நன்றாக வேலை செய்யும்போதே மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் பெரிதாகத்தான் இருக்கும். பழைய படம் இல்லாவிட்டால் புதிய படத்தை எதோடு ஒப்பிடுவது?

குழாய் கட்டையாகும் கதைக்கு இப்போது அவசரமில்லை. வளர்த்திக்கென்று வயிற்றுக்குள் மேலதிக நீளம் விட்டுத்தான் வைப்பார்கள்.