தவிடும் புண்ணாக்கும் போதுமா?

கேள்வி: அரை ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 1,000 குஞ்சு விட்டேன். இப்போது கால் கிலோ அளவில் இருக்கின்றன. கம்பெனித் தீவனம் கட்டுப்படியாகவில்லை. ரைஸ் மில் தவிடும், வீட்டில் கிடக்கும் இலுப்பைப் புண்ணாக்கும் போடலாமா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: இலுப்பைப் புண்ணாக்கை இப்போது குளத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தம்பி. குஞ்சு விடுவதற்கு முன் விரால், கெளுத்தியை ஒழிக்கப் போடுகிற பொருள் அது. அதிலுள்ள சாபோனின் மீனின் ரத்த அணுக்களையே சிதைத்துவிடும். தென்னைக்கு வையுங்கள்.

தவிடு சரி. கூடவே கடலைப் புண்ணாக்கு வாங்கி, எடைக்கு எடை சமமாகக் கலந்து போடுங்கள். புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல், தவிட்டில் 12 சதவீதம் போல. கலந்தால் 25ஐத் தொடும். கட்லா, ரோகு, மிர்கால் மாதிரி வளரும் கெண்டை இனத்துக்கு அது தாராளம். உங்கள் குளத்தில் இன்று மொத்த மீன் 250 கிலோ. நூற்றுக்கு 2 என்று வைத்தால் நாளுக்கு 5 கிலோ தீவனம், இரண்டும் இரண்டரை இரண்டரை கிலோ.

தவிட்டை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். குத்தினால் உமி கலந்தது, வேண்டாம். எண்ணெய் எடுக்காத தவிடு நாலைந்து நாளிலேயே சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். அதனால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

புண்ணாக்கில்தான் நான் அடிபட்டேன். ஒரு ஐப்பசியில் விலை மலிவு என்று ஒரு கடையில் நாலு மூட்டை எடுத்தேன். உடைத்தால் உள்ளே பச்சையாகப் பூசணம். ‘மீன்தானே, தின்னும்’ என்று போட்டேன். தை வரைக்கும் மீன் எடை ஏறவே இல்லை. தினம் இரண்டு மூன்று செத்து மிதந்தன. கடலைப் பூசணத்தில் வரும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். வெயிலில் காய வைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. பூசணம் பிடித்ததை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

புண்ணாக்கை ராத்திரியே ஊற வையுங்கள். காலையில் தவிட்டோடு பிசைந்து, அடியில் ஓட்டை போட்ட சாக்கில் கட்டி, மூங்கில் நட்டுத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். மீன் முட்டி முட்டித் தின்னும். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் அரை கிலோ குறையுங்கள். விடிகாலையில் மீன் மூச்சுத் திணறி மேலே வந்து வாயைத் திறந்தால் அன்றைக்குத் தீவனமே வேண்டாம், முதலில் புதுத் தண்ணீர் விடுங்கள்.