ஆழ்கடல் எல்லையும் சூரை ஆணையமும்: குமரிக் கடற்கரையிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி (வள்ளவிளை): அண்ணே, 200 கடல்மைல் தாண்டிவிட்டால் யார் சட்டமும் செல்லாது என்கிறார்களே, நிஜமா?

பதில்: இல்லை தம்பி. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை மாநிலச் சட்டம், அதற்கப்பால் 200 வரை இந்தியாவின் பொருளாதார மண்டலம். அதையும் தாண்டினால் பொதுக்கடல். அங்கேயும் படகு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு பொறுப்பு. கேரை, சூரை (இரண்டும் டியூனா வகை) மாதிரி நாடு விட்டு நாடு ஓடும் மீனுக்காகவே 1995-ல் ஐ.நா. உடன்பாடு ஒன்று உருவானது; இந்தியா 2003-ல் சேர்ந்தது. நம் பக்கத்துச் சூரைக்கு விதி போடுவது இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். தலைமையகம் செஷல்ஸில்.

கேள்வி (சின்னத்துறை): அந்த ஆணையம் நம்மை மட்டும்தானே நெருக்குகிறது? ஐரோப்பாக்காரன் பெரிய கப்பலில் சுருட்டிக்கொண்டு போகிறான்.

பதில்: பாதி நியாயம். அவர்கள் கடலில் மிதவை விட்டு, அதனடியில் கூடும் குஞ்சு மீனையும் சேர்த்து வளைக்கிறார்கள். மிதவை மீன்பிடிப்பை ஆண்டுக்கு 72 நாள் நிறுத்த 2023-ல் ஓட்டெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் ஆணையத்தின் விதிப்படி, ஆட்சேபம் தெரிவித்த நாட்டைத் தீர்மானம் கட்டாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறுப்பினர்கள் ஆட்சேபித்தால் யாரையுமே கட்டாது. அப்படித்தான் அது செத்தது.

மறுபாதியையும் சொல்லணும். மஞ்சள் துடுப்பு கேரையைக் குறைத்துப் பிடிக்கச் சொன்ன 2021 தீர்மானத்துக்கு இந்தியாவும் ஆட்சேபம் தெரிவித்தது. சிறுதொழில் மீனவருக்காக என்ற வாதம் எனக்கும் ஏற்புதான். ஆனாலும் ஆளாளுக்கு ஆட்சேபித்தால் மீன் மிஞ்சாது. அப்புறம், கடலோட்டத்தில் மிதந்துபோகும் வழிவலை 2.5 கிலோமீட்டருக்கு மேல் நீளமானால் அதற்கு ஆணையத்தின் தடை இருக்கிறது. நீண்ட வால் சுறா ஏறினால் வைத்துக்கொள்ளவும் கூடாது. தூத்தூர் பக்கத்துப் படகுகள் இந்த இரண்டையும் கவனிக்கணும்.

கேள்வி (சின்னமுட்டம்): வெட்ஜ் பேங்கில் இலங்கைக்காரர்கள் மீன் பிடித்தார்களாமே?

பதில்: ஆமாம், குமரிமுனைக்குத் தெற்கே உள்ள அந்த மீன்வளத் திட்டில் வெகுகாலம் பிடித்தார்கள். 1976 மார்ச்சில் இரு நாடுகளும் எல்லை வகுத்தபோது அந்தத் திட்டு இந்தியாவுக்கு என்று முடிவானது. ஆனால் மறுநாளே வெளியேறு என்று சொல்லவில்லை. உரிமம் பெற்ற 6 இலங்கைப் படகுகள் 3 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் பிடிக்கலாம். அதன்பிறகு 5 ஆண்டுகள், ஆண்டுக்கு 2,000 டன் மீனை இந்தியா விலைக்குக் கொடுக்கும். எத்தனை படகு, எத்தனை டன், எத்தனை வருஷம் என்று பேசி எழுதிய ஏற்பாடு இது. அதே காலத்தில் பாக் நீரிணை மீனவனுக்கும் இப்படி ஒரு படிப்படியான கணக்கை எழுதியிருக்கலாம். கச்சத்தீவைப் பற்றி மேடை போட்டுப் பேசும் யாரும் இந்த வெட்ஜ் பேங்க் கணக்கை எடுப்பதே இல்லை, ஏனோ.

கேள்வி (இரவிபுத்தன்துறை): என் வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்டில் போகிறார். டீகோ கார்சியா பக்கம் பிடித்தால் ஜெயிலா?

பதில்: அம்மா, டீகோ கார்சியா இருக்கும் சாகோஸ் தீவுகளைச் சுற்றிய கடலில் 2010-ல் பிரிட்டன் மீன்பிடிப்பைத் தடை செய்தது. போட்டைப் பிடித்தால் அபராதம் பெரிதாக வரும். ஆனால் ஐ.நா. கடல் சட்டத்தின் 73-வது பிரிவு, பிற நாட்டுப் பொருளாதார மண்டலத்தில் மீன் பிடித்த குற்றத்துக்குச் சிறைத் தண்டனை கூடாது என்கிறது. நாடுகள் தங்களுக்குள் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்திருந்தால் ஒழிய. பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விடணும். இது 12 கடல்மைலுக்கு உள்ளே பொருந்தாது. ஜி.பி.எஸ்.-ல் அந்த எல்லையை முன்கூட்டியே குறித்துவைக்கச் சொல்லுங்கள். நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிய ஆயிரங்கால் தூண்டில், கடல் ஓட்டத்தில் தானாக உள்ளே போய்விடும்.

கேள்வி (குளச்சல்): நம் மாவட்டத்துக்கு மட்டும் ஏன் இரண்டு தடைக்காலம்?

பதில்: இரண்டு கரை இருப்பதால். விசைப்படகுகளுக்குக் கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31. கேரளத்தில் ஜூன் 9-ல்தான் தொடங்கும். கொச்சியில் மீன் இறக்கும் நம் போட்டுகளுக்கு இந்தத் தேதிக் குழப்பம் வருஷா வருஷம் தலைவலி. கடலுக்கு அப்பால் உள்ள நாடுகளோடு பேசுமுன் இரண்டு மாநிலமும் உட்கார்ந்து ஒரே தேதி வைக்கட்டும்.