பழைய பிரீமியர் பத்மினி கார் வாங்கியிருக்கிறேன். காலையில் முதல் தடவை வெளியே எடுக்கும்போது சோக்கை இழுக்கச் சொல்கிறார்களே, அது எதற்கு?

சோக் என்பது எஞ்சினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோலின் அளவைத் தற்காலிகமாகக் கூட்டும் ஏற்பாடு. அந்தக் கலவையைத் தயாரிக்கும் கருவிதான் கார்பரேட்டர். பெரும்பாலான கார்பரேட்டர்களில் ஒரு சின்னத் தகடு காற்று வரும் வழியைப் பெருமளவு அடைக்கும், அவ்வளவுதான்.

பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியானால்தான் எரியும். எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் போதும். ஆனால் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கூடுதல் பெட்ரோல். ஈர விறகைப் பற்றவைக்க மண்ணெண்ணெய் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவோமே, அதுபோல. தீ பிடித்தபின் யாரும் ஊற்றிக்கொண்டே இருப்பதில்லை.

எனவே எஞ்சின் சூடேறி ஓட்டம் சீரானதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிவிடுங்கள். புதிதாக வாங்கியவர்கள் உற்சாகத்தில் மறப்பது இதைத்தான். மறந்தால் சைலன்சரில் கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவி இறக்கிவிடும். தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது. சென்னை வெயிலில் மத்தியானம் கிளம்பினால் சோக்கே தேவைப்படாமலும் போகலாம்.

சோக்கை இழுத்துவைத்தால் வண்டிக்கு இழுவை கூடும் என்று சிலர் நம்புகிறார்கள். சூடான எஞ்சினில் அது இழுவையைக் குறைக்கத்தான் செய்யும்.