விசையும் வேலையும்: சேரிடம் கேளுங்கள்

களுவாஞ்சிகுடி, தரம் 11: சேர், விசையும் வேலையும் ஒன்றுதானா?

இல்லை மகள். தள்ளுவதும் இழுப்பதும் விசை. அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் வேலை. விசையை அந்தத் திசையில் போன தூரத்தால் பெருக்குங்கள். 100 கிராம் சவர்க்காரக் கட்டியை ஒரு மீற்றர் உயர்த்தினால் ஏறத்தாழ 1 யூல் வேலை; யூல்தான் வேலையை அளக்கும் அலகு. திசையை மறக்க வேண்டாம், புள்ளி போவது அங்கேதான்.

வாழைச்சேனை: கரைவலை கல்லில் சிக்கி அரை மணி நேரம் அசையவே இல்லை. இழுத்ததெல்லாம் பூச்சியமா?

கயிறு விறைத்து நிற்கும், குதிக்கால் மணலில் புதையும். ஆனாலும் வலை அசையாத வரைக்கும் அதன் மேல் செய்த வேலை பூச்சியம். சிக்கு விட்டதும் பத்துப் பேர் ஆளுக்கு 200 நியூற்றன் (விசையின் அலகு) கொடுத்து 50 மீற்றர் இழுத்தால் ஒரு இலட்சம் யூல்.

காத்தான்குடி: 50 கிலோ அரிசி மூடையைத் தோளில் வைத்து 20 மீற்றர் நடக்கிறேன். அதுவும் பூச்சியம் என்கிறான் மகன்.

மகன் சொல்வது சரி, தம்பி. 50 கிலோ மூடையைத் தாங்க ஏறத்தாழ 500 நியூற்றன் விசை வேண்டும், அதைத் தரையிலிருந்து தோளுக்கு ஒன்றரை மீற்றர் ஏற்றும்போது 750 யூல் வேலை செய்தீர்கள். சமதரையில் நடக்கும்போது தோள் மேல்நோக்கித் தாங்குகிறது, மூடை முன்னோக்கிப் போகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து, அதனால் வேலை பூச்சியம்.

அக்கரைப்பற்று: ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படியென்றால் வேர்வை ஏன் வடிகிறது?

நல்ல கேள்வி. மூடையை மேசையில் வையுங்கள். மேசையும் அதே 500 நியூற்றனைத்தான் நாள் முழுக்கக் கொடுக்கிறது, அதற்குப் பசிக்காது. தசை அப்படி இறுகி நிற்க முடியாதது. உள்ளே நுண்ணிய இழைகள் பிடித்துப் பிடித்து விடுகின்றன, ஒவ்வொரு பிடிக்கும் சாப்பிட்ட சக்தி செலவாகிறது. அது பெரும்பாலும் வெப்பமாகிறது. களைப்பு உண்மை. மூடைக்குத்தான் அந்தச் சக்தி போய்ச் சேரவில்லை.

அக்கரைப்பற்று: நடக்கத் தொடங்கும்போது மூடை வேகம் எடுக்கிறதே?

இதைத்தான் எதிர்பார்த்தேன்! செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகம் எடுத்தால் 25 யூல் கொடுக்கிறீர்கள். நிற்கும்போது அதே 25 யூலைத் திருப்பி எடுக்கிறீர்கள். கூட்டினால் பூச்சியம்.

கல்முனை: புத்தகப் பையோடு நடந்தால்?

மூடைக்குச் சொன்னதுதான்.

ஏறாவூர்: இடுப்பில் தண்ணீர்க் குடம்?

அதேதான், மேலே வாசியுங்கள். கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதில் மட்டும் வேலை உண்டு.

திருக்கோவில்: பெட்டியைக் கயிறு கட்டிக் கிடையோடு 60 பாகையில் இழுத்தால்?

விசையில் பாதிதான் முன்னோக்கி உதவும். 100 நியூற்றன், 10 மீற்றர் என்றால் 500 யூல். திசை, பிள்ளைகள், திசை!

ஆரையம்பதி: மின் பட்டியலில் ஒரு அலகு எத்தனை யூல்?

36 இலட்சம். மிச்சத்தை வலு பாடத்தில் பார்ப்போம்.

அக்கரைப்பற்று: மூடையோடு படி ஏறினால்?

அப்போது வேலை உண்டு. எத்தனை படி, ஒரு படி எத்தனை சென்ரிமீற்றர் உயரம் என்று அளந்து அனுப்புங்கள். சேர்ந்தே கணக்குப் போடுவோம்.