ஆர்லாண்டோ டைம்ஷேர் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, ஒரே மூச்சில் ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சார்லட் நகரத்துக்கு வந்து எட்டு மாதம், எச்-1பி என்கிற வேலை விசா, வயது 27, கல்யாணமாகி ஒரு வருடம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ போகிறீர்கள். ஆபீஸ் நண்பர் ஒருவர், தான் டைம்ஷேர் (ரிசார்ட் அறையை வருடத்துக்கு ஒரு வாரம் என்று பங்குபோட்டு விற்பது) வாங்கிய கம்பெனி மூலமாக மூன்று இரவு ஓட்டலும் தீம் பார்க் டிக்கெட்டும் சல்லிசாக ஏற்பாடு செய்திருக்கிறார். பதிலுக்கு ஒன்றரை மணி நேரம் அவர்கள் பேசுவதைக் கேட்டால் போதுமாம். அவரே 22,000 டாலருக்கு வாங்கியிருக்கிறார். "சின்ன வயசிலேயே வாங்கிட்டா நாப்பது வருஷம் அனுபவிக்கலாம்" என்கிறார். வாங்கலாமா? கூடவே கார் புதிதா பழசா, எந்த போன் கம்பெனி, எந்த கிரெடிட் கார்டு, பக்கத்தில் தமிழ்ப் பள்ளி உண்டா.

மற்ற நாலுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் டைம்ஷேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

வாங்காதீர்கள். அதுவும் அவர்கள் பேசி விற்கும் அந்த மேசையில் உட்கார்ந்து வாங்கவே வாங்காதீர்கள்.

நண்பர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். கையிலிருந்து 2,000, மீதி 20,000 அந்தக் கம்பெனியே கொடுக்கும் கடன், 15 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை. மாதம் 322 டாலர் சொச்சம் வருகிறது. பத்து வருடத்தில் கட்டி முடித்த தொகை 40,700. இதில் மெயின்டனன்ஸ், அதாவது ரிசார்ட்டைப் பராமரிக்க வருடாவருடம் வாங்கும் பணம், சேரவில்லை. அது வருடத்துக்கு 1,100 என்று எழுதியிருக்கிறீர்கள். அது அங்கேயே நிற்காது. வருடம் ஐந்து சதவீதம் ஏறினால் பதினைந்து வருடத்தில் இரண்டு மடங்கு. முதல் பத்து வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 54,500 டாலர் ஆகிறது. வருடத்துக்கு ஒரு வாரம் என்று வைத்தால் ஒரு வாரம் தங்க 5,400க்கு மேல், விமான டிக்கெட்டும் சாப்பாடும் தனி. கடன் ஒருநாள் தீரும். மெயின்டனன்ஸ் தீராது. போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். புயல் வந்து கூரை போனால் 'ஸ்பெஷல் அசெஸ்மென்ட்' என்று தனியாக ஒரு பில் வரும். 2004ல் சார்லி, பிரான்சிஸ், ஜீன் என்று ஒரே சீசனில் மூன்று புயல் ஆர்லாண்டோ பக்கம் அடித்தது. கிஸ்ஸிமியில் வாரம் வாங்கி வைத்திருந்த எங்கள் கோயில் சிநேகிதி ஒருத்தி, டிவியில் புயல் படம் காட்டும்போதெல்லாம் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் "என் கூரை, என் கூரை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பயந்தபடியே பில்லும் வந்தது.

இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுக் காட்டுவார்கள். வெள்ளைக்காரர் ஒருவரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார். நம்மைப் போல விசாவில் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதை உங்கள் நண்பரும் சொல்ல மாட்டார், அந்த மேசைக்காரரும் சொல்ல மாட்டார். விற்பது அறையை இல்லை, உங்கள் லீவை. அந்த லீவு இன்னும் உங்கள் கைக்கே வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆகவேண்டும் என்று மத்திய சட்டம் எதுவும் கிடையாது. உங்களுக்கு வருடத்துக்குப் பத்து நாளோ பதினைந்து நாளோ கொடுத்திருப்பார்கள். ஊருக்கு ஒருமுறை போனால் மூன்று வாரம் போய்விடும். தங்கை கல்யாணம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஜெமினி பாலத்துக்குப் பக்கத்து கான்சுலேட்டில் விசா ஸ்டாம்பிங். ஊருக்குப் போகாத வருடம் அப்பா அம்மா இங்கே வருவார்கள், ஆறு மாதம் இருப்பார்கள். அப்புறம் குழந்தை. இதற்கு நடுவில் ஆர்லாண்டோவில் ஒரு வாரம் எங்கிருந்து வரும்? 'சேர்த்து வைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம்' என்பார்கள். ஆர்.சி.ஐ., இன்டர்வல் இன்டர்நேஷனல் என்று மாற்றிக் கொடுக்கும் கம்பெனிகள் எழுபதுகளிலிருந்தே இருக்கின்றன, உண்மைதான். அதற்குச் சந்தா தனி, ஒவ்வொரு மாற்றலுக்கும் கட்டணம் தனி. ஸ்கூல் லீவு சமயத்தில் நல்ல இடம் வேண்டுமென்றால் வெகு முன்னாடியே கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஜூலையில் எந்த நாட்டில் இருப்போம் என்றே தெரியாதவர்கள் எதை முன்கூட்டியே பதிவு செய்வது?

விசாவையும் சொல்லிவிடுகிறேன். எச்-1பி மூன்று வருடம், நீட்டித்தால் ஆறு, அதற்குமேல் கிரீன் கார்டு வரிசையில் தொங்க வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பத்து வருடத்தையும் தாண்டும். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு வேலை, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்படி இருக்கிறவர் கையில் முடிவுத் தேதியே இல்லாத பத்திரத்தைக் கொடுத்து "உங்க பிள்ளைங்களுக்கும் சொத்து" என்கிறார்கள். ஊருக்குத் திரும்பிவிட்டால் மெயின்டனன்ஸ் பில் திருச்சிக்கு வரும். கட்டாமல் விட்டால் வசூல் ஏஜென்சிக்குப் போகும், கிரெடிட் ஸ்கோர் சரியும். நாலு வருடம் கழித்து இன்னொரு வேலையில் திரும்பி வந்து அபார்ட்மென்ட் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். திரும்பிப் போகாமல் இங்கேயே வீடு வாங்கப் போனாலும், மாதம் 322 கட்டுகிறீர்கள் என்பதை வங்கிக்காரர் உங்கள் கடன் கணக்கில் சேர்த்துத்தான் எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்ப்பார். சின்ன வயது என்பது வாங்குவதற்குக் காரணமே இல்லை தம்பி, வாங்காமல் இருப்பதற்குத்தான் காரணம்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். நான் 2001ல் எச்-4ல், அதாவது எச்-1பிகாரர் மனைவிக்கான விசாவில், நியூ ஜெர்சி வந்தவள். டாட்காம் குமிழி உடைந்த நேரம். நான் இறங்கி மூட்டையைப் பிரிப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரருக்கு ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது வரும்வரை சும்மா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பெஞ்சுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கன்சல்டன்சிக்காரருக்கு அந்தச் சட்டம் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எடிசனில் கெஸ்ட் ஹவுஸ் என்று ஒரு அபார்ட்மென்ட், ஹாலில் நாலு பசங்கள், உள் ரூமில் நாங்கள். நான் வேலைக்குப் போக முடியாது. 2015 வரை எச்-4 காரர்கள் யாருக்குமே அனுமதி கிடையாது. பி.எஸ்சி. கணிதம் படித்த எனக்கு அப்போது இருந்த ஒரே வேலை வீட்டுக் கணக்கு எழுதுவதுதான். காலிங் கார்டில் எத்தனை நிமிஷம் மிச்சம் என்பது வரை நோட்டில் இருக்கும்.

ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து "நீங்க தமிழா?" என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுநாளே போன், அடுத்த நாள் காபிக்கு அழைப்பு. போனால் சோபாவில் இன்னும் இரண்டு ஜோடி, சுவரில் வெள்ளைப் பலகை, அதில் வட்டம் வட்டமாகப் படம். சோப்புப் பொடி விற்று மில்லியனர் ஆவது எப்படி. அன்றையிலிருந்து, யாராவது முன்பின் தெரியாமல் ரொம்பப் பாசமாகப் பேசினால் நான் முதலில் பார்ப்பது இவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்பதைத்தான். பாவம், நல்லவர்களையும் சந்தேகப்பட்டிருப்பேன். பரவாயில்லை.

உங்கள் நண்பரைத் திட்டவில்லை. ஆனால் பல கம்பெனிகளில் ஆள் சேர்த்துவிட்டால் பாயின்ட்டோ மெயின்டனன்ஸில் கழிவோ கிடைக்கும். அவருக்குக் கிடைக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். நம்மவர்களில் வாலறுந்த நரிகள் நிறைய. 22,000 போட்டுவிட்டுத் தப்பு என்று சொல்ல வாய் வராது. இன்னும் நாலு பேரும் வாங்கிவிட்டால் அது புத்திசாலித்தனமாகிவிடும். ஆர்லாண்டோ போட்டோவைப் போடுவார்கள், மெயின்டனன்ஸ் பில்லைப் போட மாட்டார்கள்.

பிற்பாடு, நல்ல வேலை கிடைத்து கையில் நாலு காசு சேர்ந்தபோது, நாங்களும் அந்த மேசைக்குப் போனோம். டிக்கெட் ஆசை எங்கள் வீட்டுக்காரருக்கு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்தே ஆகவேண்டும் என்பார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவக் கூடாது, அதற்குத்தான். பேகல், காபி, வட்ட மேசைகள். நம் மேசைக்கு வந்தவர் தாளை நம் பக்கமாக வைத்து எண்களைத் தலைகீழாக எழுதினார், நமக்கு நேராகத் தெரியும்படி. அந்தக் கைவேலையை நான் ரசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஓட்டலுக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று கேட்டு, அதை முப்பதால் பெருக்கி, விலைவாசி ஏற்றம் சேர்த்து, வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஒரு தொகையை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அவர்கள் மெயின்டனன்ஸுக்கு மட்டும் விலைவாசி ஏறவில்லை. அந்தப் பக்கம் யாரோ வாங்கிவிட்டார்கள் போல, மணி அடித்து எல்லோரும் கைதட்டினார்கள். "இதே வாரத்தை நாளைக்கு நான் உங்ககிட்டயே திருப்பிக் கொடுத்தா எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டேன். பேனாவை மூடிவிட்டு மேனேஜரைக் கூப்பிடப் போனார். மேனேஜர் விலையைக் குறைத்தார். அவரும் தோற்றபின் வாசல் கவுன்டரில் மூன்றாவது ஆள், 'ட்ரையல்' என்று சின்னதாக ஒன்றை நீட்டினார். ஒன்றரை மணி நேரம் மூன்றானது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தோம்.

நீங்கள் போகத்தான் போகிறீர்கள், ஓட்டல் பதிவு ஆகிவிட்டது. அதனால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அசந்து கையெழுத்துப் போட்டுவிட்டாலும் ஃப்ளோரிடா சட்டப்படி 10 நாள் உண்டு. கையெழுத்திட்ட நாள், கடைசி டாகுமென்ட் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் ரத்து என்று எழுதி அனுப்பினால் முழுப் பணமும் திரும்பும். இந்த உரிமை வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. போனில் சொல்லாதீர்கள், சமாதானம் பேசியே நாளைக் கடத்திவிடுவார்கள். ஒப்பந்தத்தில் உள்ள விலாசத்துக்கு சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி, போஸ்ட் ஆபீஸ் ரசீதை பத்திரமாக வையுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் நாள் மாறும்: கலிபோர்னியாவில் 7, நெவாடாவில் 5. லாஸ் வேகஸ் போகிறவர்களுக்கு அவகாசம் குறைவு.

பத்து நாள் தாண்டிவிட்டால் விற்பது பெரும்பாடு. இபேயில் ஒரு டாலருக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்கும் ஆள் வராது. 'நாங்கள் விற்றுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று போன் வந்தால் அது இரண்டாவது கொள்ளை. மெக்சிகோவில் புவேர்ட்டோ வயார்த்தா பக்கம் டைம்ஷேர் வைத்திருந்த வயதான அமெரிக்கர்களை இப்படி ஏமாற்றியது போதைக் கும்பல் என்று அமெரிக்க நிதித்துறையே 2023ல் தடை போட்டது.

எல்லாமே மோசம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். டிஸ்னி 1991ல் தொடங்கிய டைம்ஷேருக்கு முடிவுத் தேதி உண்டு. பழைய ரிசார்ட்டுகள் சிலவற்றுக்கு 2042 ஜனவரியோடு தீர்ந்துவிடும். அதற்கு மறுவிற்பனையில் ஓரளவு மதிப்பும் நிற்கிறது. கிரீன் கார்டு வந்து, பிள்ளைகள் ஸ்கூலில் நிலைத்து, வருடம் தவறாமல் போவோம் என்று நாலு வருடம் நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு, அப்புறமும் ஆசை இருந்தால் மறுவிற்பனையில் பாருங்கள்.

அதுவரை நாங்கள் செய்ததைச் செய்யலாம். வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் மெயின்டனன்ஸையாவது தேற்ற வேண்டுமென்று தங்கள் வாரத்தை வாடகைக்கு விடுவார்கள், பல சமயம் மெயின்டனன்ஸைவிடக் குறைவாகவே. மாமனார் மாமியார் வந்திருந்த கோடையில் வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்கில் அப்படி ஒரு இரண்டு பெட்ரூம் எடுத்தோம். ஐஸ் பெட்டியில் தோசை மாவு, டிக்கியில் குக்கர். மாமனாருக்கு ஓட்டல் சாப்பாடு ஆகாது. காலையில் அங்கே தோசை வார்த்துக் கட்டிக்கொண்டுதான் காலனி காலத்து வீடுகளைப் பார்க்கப் போவோம். குதிரை வண்டிக்காரர் முக்கோணத் தொப்பியோடு போவதைப் பார்த்து, இங்கேயும் வெள்ளைக்காரன் காலத்து வேஷமா என்று மாமியார் சிரித்த சிரிப்பு! அறை யாருடையது என்று அவர்கள் கேட்கவே இல்லை.

மற்றதெல்லாம்: கார் பழைய டொயோட்டா. போன் எதுவானாலும் சரி. கார்டு, மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவருக்கு எதுவும் ஒன்றுதான். தமிழ்ப் பள்ளி சார்லட்காரர்களைக் கேளுங்கள். அறை எடுக்கும்போது மட்டும் 'ஃபுல் கிச்சன்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்டூடியோ என்றால் பெரும்பாலும் மைக்ரோவேவும் சின்ன ஃப்ரிட்ஜும்தான், தோசைக்கல் வைக்க அடுப்பு இருக்காது.