சாய்ந்து நிற்கும் பக்கத்து மனைப் புளியமரம்: யாரிடம் மனு கொடுப்பது?

கேள்வி: பாலக்கோட்டில் ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். பக்கத்து மனையில் நிற்கும் பழைய புளியமரம் எங்கள் கூரைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அடிமரத்தில் பொந்து விழுந்துவிட்டது. மனைக்காரர் பெங்களூரில் இருக்கிறார், போன் செய்தால் "பார்க்கலாம்" என்கிறார். எங்கள் வாசல் வேம்பைக் கழிக்கவும் அனுமதி வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, புளியமரத்தை முதலில் பாருங்கள், மழைக்காலம் வரை விடாதீர்கள். தர்மபுரி கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023-இன் 152-ஆம் பிரிவில் மனு கொடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆம் பிரிவு. விழும் நிலையில் உள்ள மரத்தால் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ வழிப்போக்கர்களுக்கோ ஆபத்து என்றால், அதை அகற்றும்படி மரத்துக்காரருக்கு அவர் உத்தரவிடலாம். மரத்துக்காரர் அதன்படி செய்ய வேண்டும், இல்லையென்றால் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் உத்தரவு உறுதியாகும். அதற்கப்புறமும் அசையாவிட்டால் அதிகாரியே மரத்தை எடுக்கச் செய்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

மனுவில் பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான். வேலித் தகராறு, பழைய பேச்சு எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். உடனே "இது தனிப்பட்ட சிவில் விவகாரம்" என்று மனு தள்ளுபடியாகும். அதனால் ஆபத்தை மட்டும் எழுதுங்கள். மரம் எந்தப் பக்கம் சாய்கிறது, பொந்து எவ்வளவு பெரியது, அடியில் யார் குடியிருக்கிறார்கள், அந்தச் சந்தில் யாரெல்லாம் நடக்கிறார்கள் என்பது போதும். அடிமரம் தெரியும் போட்டோ, தெருக்காரர்கள் கையெழுத்து, மனைக்காரருக்கு நீங்கள் விரைவுத் தபாலில் அனுப்பும் கடிதத்தின் நகல் ஆகியவற்றையும் இணையுங்கள். வி.ஏ.ஓ. அறிக்கைக்கு வரும்போது கூடவே நின்று பொந்தைக் காட்டுங்கள்.

உங்கள் எல்லைக்குள் நீண்ட கிளைகளை, உங்கள் மனையில் நின்றபடி எல்லைக்கோடு வரை நீங்களே வெட்டலாம். அவர் மனையில் கால் வைக்கக் கூடாது. வெட்டிய விறகும் காயும் அவருடையவை. ஆனால் ஒரு பக்கமே கழித்தால் மரம் இன்னும் சாயுமா என்று மரம் ஏறுகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில், மரத்தை அகற்றச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை கேட்டும் வழக்குப் போடலாம். ஆனால் நாளாகும். பொந்து விழுந்த மரத்துக்கு அதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

வேம்பு உங்கள் பட்டா மனைக்குள் இருந்தால் தயங்காமல் கழிக்கலாம். அடிமரம் வாசலுக்கு வெளியே தெருப் புறம்போக்கில் இருந்தால், நீங்களே நட்டு வளர்த்தாலும் அது அரசு மரம்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து அனுமதி வாங்காமல் கை வைக்காதீர்கள். சந்தேகமிருந்தால் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். கிளை மின்கம்பியைத் தொட்டால் மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள், நீங்கள் அரிவாளோடு ஏற வேண்டாம்.

நம் மாவட்டத்தில் சிலர் வீட்டுக் கொல்லையில் சந்தனக் கன்று தானாக முளைத்து நிற்கும். அது சொந்தப் பட்டாவில் இருந்தாலும் வனத்துறை அனுமதியில்லாமல் வெட்டினால் குற்றவழக்குதான். பட்டுப்போன மரமானாலும் மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே தொடுங்கள்.