ஆண்டுகளை விடுங்கள், காரணங்களைப் படிக்கட்டும்

வணக்கம். ஆகஸ்டில் ஏபி (அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் கல்லூரித் தரப் பாடம்) அமெரிக்க அரசியல் வகுப்பில் சேரவிருக்கும் உங்கள் மகள், உச்ச நீதிமன்ற வழக்குகளின் பெயரையும் ஆண்டையும் அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்தும் எதுவும் மனத்தில் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அட்டைகளை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பாடத்திட்டத்திலுள்ள ஒரு வழக்கை அதில் இல்லாத இன்னொரு வழக்கோடு ஒப்பிடும் கேள்வி தேர்வில் உண்டு. அங்கே கைகொடுப்பது, எந்தச் சட்ட விதி, நீதிமன்றம் ஏன் அப்படிச் சொன்னது என்ற தெளிவுதான்.

டிங்கர் வழக்கிலிருந்து தொடங்கட்டும். வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்குப் போன மேரி பெத் டிங்கருக்கு அப்போது வயது 13. பள்ளி அவரை இடைநீக்கம் செய்தது. படிப்புக்குக் கணிசமான இடையூறு இல்லாதவரை மாணவரின் கருத்துரிமையைத் தடுக்க முடியாது என்று 1969இல் 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்தக் கையோடு 1919இன் ஷென்க் வழக்கைப் படிக்கட்டும். அங்கும் போர் எதிர்ப்புதான், கருத்துரிமையைக் காக்கும் அதே முதல் சட்டத்திருத்தம்தான். ஆனால் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துத் துண்டறிக்கை அனுப்பியவரின் தண்டனையை நீதிமன்றம் ஒருமனதாக உறுதிசெய்தது. ஏன் இந்த வேறுபாடு என்று அவளே ஒரு பத்தி எழுதிப் பார்க்கட்டும்.

எங்கல், யோடர் இரண்டும் மதம் பற்றியவை. முன்னது அரசு மதத்தைத் திணிப்பது, பின்னது மதத்தைப் பின்பற்றும் உரிமை, குழப்பிக்கொள்ள வேண்டாம். மெக்கல்லக், லோபஸ் வழக்குகளையும் சேர்த்துப் படிக்கலாம், இரண்டும் மத்திய அரசின் அதிகாரம் எதுவரை என்பதைப் பற்றியவை.

பழைய வழிகாட்டி நூல் வாங்கினால் கவனம்: கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ வழக்கு, அதை ரத்துசெய்த 2022 தீர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டு, பாடத்திட்டப் பட்டியலில் இப்போது 14 வழக்குகளே உள்ளன.